ஸ்பீக்கர் பெட்டியின் கணக்கு

ஒரு ஸ்பீக்கர் யூனிட்டை மட்டும் தனியாக வாங்கி, பெட்டி ஏதும் இல்லாமல் மேசைமேல் நிறுத்திப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். குரல் கேட்கும், வயலின் கேட்கும். ஆனால் தபலாவும் பேஸ் கிடாரும் எங்கேயோ காணாமல் போயிருக்கும். யூனிட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. காகிதக் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. கீழ்ஸ்தாயி அலைகள் மிக நீளமானவை. அவை கூம்பின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பற்றும் வரவும் சமமாகி இருப்பு பூஜ்யம் ஆவது போலத்தான்! இந்த இரண்டையும் பிரித்து வைக்க ஒரு தடுப்பு வேண்டும். அதற்காக வந்ததுதான் பெட்டி.

இந்தச் சின்ன உண்மையிலிருந்து கிளம்பியதுதான் வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்யும் பொழுதுபோக்கு. காந்தம், சுருள், கூம்பு எல்லாம் தொழிற்சாலைச் சமாச்சாரம். பெட்டி அப்படியில்லை. ரம்பம், பசை, நாலு பலகை இருந்தால் யாரும் செய்துவிடலாம். கம்பெனிக்கோ பெட்டிதான் தலைவலி. கனம் அதிகம், இடத்தை அடைக்கும், லாரி வாடகை ஏறும், பாலிஷ் போட ஆள் வேண்டும். அதனால் ஆரம்ப காலத்தில் பல கம்பெனிகள் யூனிட்டை மட்டும் விற்றுவிட்டு, பெட்டியை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டன. வாங்கியவர்களும் சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டார்கள். சரி, எவ்வளவு பெரிய பெட்டி? வம்பே இங்கேதான் ஆரம்பம். இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. கிடைத்த பதிலும் இன்னும் பத்து வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

முதலில் 1920களுக்குப் போய்விட்டு வருவோம். அமெரிக்காவில் 1920-லும் இங்கிலாந்தில் 1922-லும் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு தொடங்கியபோது, கேட்டவர்களில் நிறையப் பேர் தங்கள் ரேடியோவைத் தாங்களே செய்துகொண்டவர்கள். கிரிஸ்டல் செட்டில் ஹெட்ஃபோன் மட்டும்தான். குடும்பமே கேட்க வேண்டுமென்றால் ஹெட்ஃபோனை ஒரு கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். (செல்ஃபோனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுப் பாட்டுக் கேட்கும் நம்மாட்களுக்கு முன்னோர்கள் இவர்கள்!) பிறகு நீளக் கழுத்து வைத்த ஹார்ன்கள் வந்தன. சத்தம் வந்தது, ஆனால் மூக்கால் பேசுவது போன்ற சத்தம்.

1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹார்னே இல்லாமல், காந்தத்தின் நடுவில் ஒரு சிறு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. இன்றைக்கும் வீட்டு டிவி முதல் ஆட்டோவின் பின்சீட்டு வரை இருப்பது அடிப்படையில் இதே சாதனம்தான். மறு வருடமே ‘ரேடியோலா 104’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. சாதாரணச் சம்பளக்காரர் பக்கத்தில் போக முடியாத விலை.

அப்போது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஜவுளி வியாபாரத்தில் இருந்தவர் கில்பர்ட் பிரிக்ஸ். பொறியியல் படித்தவர் கிடையாது. பியானோ பிரியர். 1932-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், இல்க்லி என்ற ஊரில் தன் வீட்டு நிலவறையில் முதல் ஸ்பீக்கரைச் செய்தார். வீடு வார்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்ததால் தொழிலுக்கு ‘வார்ஃப்டேல்’ என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் பிராட்ஃபோர்ட் ரேடியோ சங்கத்தின் போட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு இரண்டையும் அவரே தட்டிச் சென்றார். ஜவுளியை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கிவிட்டார்.

வியாபாரியாக மட்டும் பார்த்தால் பிரிக்ஸ் செய்த ஒரு காரியம் விசித்திரமானது. 1948-இல் ஒலிபெருக்கிகளைப் பற்றி எளிய நடையில், நடுநடுவே நகைச்சுவை தூவி ஒரு புத்தகம் எழுதினார். தன் தொழிலின் சூட்சுமங்களை வாடிக்கையாளரிடமே சொல்லிக்கொடுத்தார். பெட்டியின் பலகை அதிரக்கூடாது என்பதற்காக இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவில் மணலைக் கொட்டி நிரப்பச் சொன்னார். இன்னும் ஒரு படி மேலே போய், அறையின் மூலையில் செங்கல்லால் சுவர் எழுப்பி ஸ்பீக்கர் வைக்கவும் வழி சொன்னார்! வீட்டுக்காரம்மா என்ன சொன்னார் என்பது ஒவ்வொரு வீட்டின் தனிக்கதை. 1954 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் வாசிப்பவர்களையும் அவர்களின் ஒலிப்பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் கொள்ளும் அரங்கு நிரம்பியது. மறு வருடம் நியூயார்க் கார்னெகி ஹாலிலும் அதே கூத்து. சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்ததால் பிரிக்ஸுக்கு நஷ்டம் வரவில்லை. பெட்டி செய்யக் கற்றுக்கொண்டவன் யூனிட்டுக்கு அவரிடம்தானே வரவேண்டும்!

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஆர்வலர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பெட்டியாக்கிப் பார்த்தார்கள். அதில் சுவையானது வடிகால் குழாய். சுட்ட களிமண்ணில் செய்த கனமான குழாயை நிமிர்த்தி நிறுத்தி, மேல் வாயில் ஸ்பீக்கரை வானம் பார்க்கப் பொருத்தினார்கள். களிமண் கனமானது, உருளை வடிவம் எளிதில் அதிராது, விலையும் மலிவு. தமிழ்நாட்டில் எண்பது, தொண்ணூறுகளில் டீக்கடைகளிலும் வீடுகளிலும் மண்பானை வாயில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்டது பலருக்கும் நினைவிருக்கும். இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்து யாரும் செய்ததில்லை. இருந்தாலும் பானைக்குள் நடப்பதும் குழாய்க்குள் நடப்பதும் ஒரே இயற்பியல்தான். இன்னொரு வேடிக்கை: அமெரிக்க ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஹாரி ஓல்சன் பன்னிரண்டு வடிவப் பெட்டிகளை அளந்து 1951-இல் எழுதிய கட்டுரையில், ஒலி மிகச் சீராக வந்தது உருண்டை வடிவத்தில்தான். கூர்மையான விளிம்புகளில் பட்டு ஒலி சிதறுகிறது; உருண்டையில் விளிம்பே இல்லை. நம்மூர்க் குயவருக்கு யாரும் அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்...

இத்தனையும் நடந்தும், எவ்வளவு பெரிய பெட்டி என்ற கேள்வி அப்படியே இருந்தது. துளை வைத்த பெட்டி (பேஸ் ரிஃப்ளெக்ஸ் என்பார்கள்) 1930களின் தொடக்கத்திலேயே பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் கண்டுபிடித்தது. பின்பக்க ஒலியை வீணாக்காமல், துளை வழியாகத் திருப்பிவிட்டு முன்பக்க ஒலிக்குத் துணையாக்கும் யோசனை. காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரே ஸ்தாயியில் வருகிறதே, அதே சங்கதி. யோசனை அருமை. ஆனால் எந்த யூனிட்டுக்கு எத்தனை லிட்டர், துளை எத்தனை அங்குலம் என்று சொல்ல நம்பகமான வழி இல்லை. பெரிதாகச் செய், கேட்டுப் பார், துளையை அடை, திரும்பக் கேள். பெரும்பாலும் கிடைத்தது ஒரே ஸ்வரத்தில் முழங்கும் பேஸ். கச்சேரியில் மிருதங்கக்காரர் எதை வாசித்தாலும் ஒரே ‘தொம்’ கேட்டால் எப்படி இருக்கும்? அதேதான். சந்தேகம் வந்தவர்கள் பெட்டியை இன்னும் பெரிதாக்கினார்கள். குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஸ்பீக்கர்கள் வரவேற்பறையில் நின்றன.

1954-இல் ஒருவர் இந்தக் கூட்டத்தின் பிழைப்பிலேயே கை வைத்தார். எட்கர் வில்ச்சர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் வகுப்பு எடுத்தவர். கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பு விறைப்பாக இருப்பதால்தான் பேஸ் கெடுகிறது என்பது அவர் கட்சி. விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிடலாம். காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றே ஸ்பிரிங் வேலையைச் செய்துகொள்ளும். முதல் மாதிரிக்கு விளிம்பு செய்தது மெத்தை உறைத் துணியில். அதற்கு அளவு வரைந்து கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. வில்ச்சர் இந்த யோசனையை விற்கப் போன கம்பெனிகள் கதவைச் சாத்தின. அவரிடம் படித்த ஹென்றி க்ளோஸ் என்ற இளைஞர் ஏற்கெனவே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் மாடியறை ஒன்றில் ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து ‘அகூஸ்டிக் ரிசர்ச்’ தொடங்கினார்கள். முதல் தயாரிப்பான ஏ.ஆர்.-1 சுமார் 50 லிட்டர் பெட்டி. அதைவிடப் பல மடங்கு பெரிய பெட்டிகளை வெட்கப்பட வைத்தது. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவியதும் வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. இரண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு எந்த வீட்டில் இடம் இருக்கும்? அறுபதுகளின் நடுவில் அமெரிக்க ஸ்பீக்கர் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு ஏ.ஆர். கையில் இருந்தது.

வீட்டில் செய்பவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல. தொளதொள விளிம்பு வைத்த யூனிட் அதற்கென்றே அளந்த பெட்டிக்குள்தான் வேலை செய்யும். கடையில் கிடைத்த யூனிட்டை, கண்ணளவில் செய்த பெட்டியில் வைத்து அந்தத் தரத்தை எட்ட முடியாது. பெட்டியும் யூனிட்டும் ஒரே கம்பெனியிலிருந்து முடிந்த பொருளாக வரும் காலம் தொடங்கிவிட்டது. அளவு தெரிந்தவன் கம்பெனிக்காரன், மற்றவன் வாங்குபவன். வணிகவியலில் படிக்கிறோமே, தகவல் ஒரு பக்கம் மட்டும் குவிந்திருக்கும் சந்தை, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அந்தத் தகவலை எல்லோர் கைக்கும் கொண்டுவந்த மனிதர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஏ. நெவில் தீல், இ.எம்.ஐ. கம்பெனியின் ஆஸ்திரேலியக் கிளையில் பொறியாளர். 1961-இல் துளை வைத்த பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் இருந்த ஒரே ஒரு பார்வை மாற்றம் போதுமானதாக இருந்தது. பெட்டி, காற்று, துளை, கூம்பு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்க்காமல், மொத்தத்தையும் ஒரு மின்வடிகட்டியாகப் பாருங்கள் என்றார். ரேடியோக்காரர்கள் வடிகட்டிக் கணக்கை முப்பது வருடமாகப் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அந்தக் கணக்கை அப்படியே பெட்டிக்கு மாற்றி, 28 விதமான அமைப்புகளை ஒரே அட்டவணையில் கொடுத்துவிட்டார். உங்கள் யூனிட்டின் எண்கள் இவை என்றால், பெட்டி இவ்வளவு, துளையின் ஸ்தாயி இவ்வளவு. முடிந்தது வேலை.

ஆனால் கட்டுரை வந்தது ஆஸ்திரேலிய ரேடியோ பொறியாளர் கழகத்தின் இதழில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைப் படித்தவர்கள் கொஞ்சம்தான். பத்து வருடம் போயிற்று. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்மால் என்ற அமெரிக்கர் தீலின் வேலையை எடுத்துக்கொண்டு மூடிய பெட்டி, துளைப் பெட்டி எல்லாவற்றுக்கும் விரித்தார். 1971-இல் அமெரிக்காவின் ஆடியோ பொறியியல் சங்க இதழ் தீலின் பழைய கட்டுரையை மறுபதிப்புச் செய்தது. 1972, 73-இல் ஸ்மாலின் கட்டுரைகள் அதே இதழில் வரிசையாக வந்தன. அன்றிலிருந்து ‘தீல்-ஸ்மால் எண்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எண்கள் பல இருந்தாலும் முக்கியமானவை மூன்று. ஒரு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளிவிட்டால் அது தன்போக்கில் ஆடும் ஒரு வேகம் இருக்கிறது. கூம்புக்கும் அப்படி ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு, அது எஃப்.எஸ். தள்ளிவிட்ட ஊஞ்சல் சீக்கிரம் அடங்குகிறதா, வெகுநேரம் ஆடிக்கொண்டே இருக்கிறதா என்பதைச் சொல்வது க்யூ.டி.எஸ். மூன்றாவது வி.ஏ.எஸ்.: கூம்பின் பிடிப்பு எவ்வளவு விறைப்போ, அதே விறைப்பு உள்ள காற்று எத்தனை லிட்டர் என்ற கணக்கு.

மூடிய பெட்டிக்கு இதில் வரும் கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். ஒரு யூனிட்டின் எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் வைத்தபின் க்யூ 0.7 ஆக இருந்தால் பேஸ் முழங்காமல், மெலியாமல் சீராக இருக்கும். 0.7-ஐ 0.4-ஆல் வகுத்தால் 1.75. அதன் வர்க்கம் ஏறக்குறைய 3.06. அதில் ஒன்றைக் கழித்தால் 2.06. 50-ஐ அதனால் வகுத்தால் சுமார் 24 லிட்டர். இதுதான் பெட்டி! ஸ்தாயியும் அதே 1.75 மடங்கு ஏறி, 52 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்கும். அதற்குக் கீழே ஒலி மெல்ல இறங்கிவிடும் என்று பலகை அறுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பிரிக்ஸ் காலத்து ஆள் இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ரம்பம் பிடிக்க வேண்டியிருந்தது.

கம்பெனி இந்த எண்களைத் தராவிட்டாலும் கவலையில்லை. அலை தரும் ஜெனரேட்டர், ஒரு மின்தடை, ஒரு வோல்ட்மீட்டர் இருந்தால் முதல் இரண்டையும் வீட்டிலேயே அளந்துவிடலாம். மூன்றாவதுக்கு, எடை தெரிந்த ஒரு நாணயத்தைக் கூம்பின்மேல் களிமண் பசையால் ஒட்டிவிட்டு, அதிர்வெண் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் போதும். 1972-இல் வர்க்கமூலம் போடும் பாக்கெட் கால்குலேட்டர் வந்தது. 1981-இல் கேரி மார்கோலிஸ் என்பவரும் ஸ்மாலும் சேர்ந்து கால்குலேட்டர் நிரல்களையே கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து எட்வர்ட் டெல் ‘ஸ்பீக்கர் பில்டர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். இந்தப் பொழுதுபோக்குக்கென்றே ஒரு பத்திரிகை! இங்கிலாந்தில், வார்ஃப்டேலில் பிரிக்ஸோடு வேலை செய்த ரேமண்ட் குக் 1961-இல் தொடங்கிய கெஃப் கம்பெனி, எழுபதுகளில் யூனிட்டுகளையும் கிட்டுகளையும் வீட்டுக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. குருவின் வழக்கம் சிஷ்யரிடம் ஒட்டிக்கொண்டது போலும்.

பெட்டிக் கணக்கு தீர்ந்ததும் ஆர்வலர்களின் கவனம் க்ராஸ்ஓவர் பக்கம் திரும்பியது. எந்த ஒலி வூஃபருக்கு, எது ட்வீட்டருக்கு என்று பிரித்துவிடும் சர்க்யூட் அது. இதில் பெரிய பெயர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ். பிழைப்புக்கு ஹியூலட்-பேக்கர்ட் கம்பெனியில் மைக்ரோவேவ் அளவுக் கருவிகள். ஓய்வு நேரத்தில் சக ஊழியர்களோடு ஸ்பீக்கர். 1976-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த ‘லிங்க்விட்ஸ்-ரைலி’ க்ராஸ்ஓவர் இன்று பெரிய கச்சேரி மேடைகளின் ஒலிக்கருவிகளிலும் இருக்கிறது. (ரைலி அவருடைய சக ஊழியர்.) அதேபோல ஜோசஃப் டி’அப்போலிட்டோ, நடுவில் ட்வீட்டர், மேலும் கீழும் ஒரே மாதிரி இரண்டு யூனிட் என்ற அமைப்பை 1983-இல் முன்வைத்து, மறு வருடம் ‘ஸ்பீக்கர் பில்டர்’ பத்திரிகையில் வீட்டில் செய்வதற்கான திட்டமாகவும் கொடுத்தார். கடைகளில் கம்பெனி ஸ்பீக்கர்களில் அந்த அமைப்பைப் பார்க்கும்போது, அது ஆர்வலர் பத்திரிகையிலும் ஏறிவிட்டு வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

சரி, வீட்டில் செய்தால் காசு மிச்சமா? காஸ்ட் ஷீட் போட்டுப் பார்த்தால் பதில் கொஞ்சம் சங்கடமானது. ஐம்பதுகளில் நிச்சயம் மிச்சம்தான். பிற்காலத்தில் சீனத் தொழிற்சாலைகளிலிருந்து மலிவான பெட்டிகள் கப்பல் கப்பலாக வந்த பிறகு, விலை குறைந்த ரகத்தில் உதிரிப் பாகங்களின் விலைக்கே முழு ஸ்பீக்கர் கிடைத்தது. கிட்டுகளுக்குப் பேர்போன அமெரிக்க ஹீத்கிட் 1992-இல் கிட் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. ‘ஸ்பீக்கர் பில்டர்’ 2001-இல் வேறு பத்திரிகைகளோடு சேர்ந்து ‘ஆடியோ எக்ஸ்பிரஸ்’ ஆகிவிட்டது. விலை உயர்ந்த ரகத்தில் இன்னும் மிச்சம் உண்டு, ஆனால் செய்பவர் தன் உழைப்புக்குக் கூலி எழுதாமல் இருக்கும்வரைதான். நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு தச்சரின் தினக்கூலியைப் போட்டால் லாப நஷ்டக் கணக்கு தலைகீழாகிவிடும். இதைச் செய்பவர்கள் யாரும் அந்த வரியை எழுதுவதில்லை. எழுதாமல் இருப்பதுதான் நியாயம் என்றும் தோன்றுகிறது. வீணை வாசிக்கப் பழகுகிறவர் மணிக்கணக்குக் கூலியா எழுதிவைக்கிறார்?

இதற்கிடையில் அளவிடும் கருவிகளின் கதையும் மாறியது. எதிரொலியே இல்லாத தனி அறை கட்டினால்தான் ஸ்பீக்கரைச் சரியாக அளக்க முடியும் என்றிருந்த காலம் போய், கணினியும் மைக்கும் போதும் என்றாயிற்று. நேர் ஒலி மைக்கை வந்தடைந்த சில மில்லி நொடிகளுக்குப் பிறகுதான் சுவரில் பட்ட எதிரொலி வருகிறது. அது வருவதற்குள் பதிவை வெட்டிவிட்டால், படுக்கையறையே ஆய்வகம். (கீழ்ஸ்தாயிக்கு மட்டும் இந்தத் தந்திரம் போதாது, அங்கே மைக்கைக் கூம்புக்கு மிகப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும்.) இதற்கான மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எட்டு அங்குல வூஃபரைத் தூக்கிப் பார்த்து, காந்தத்தின் கனத்தை வைத்துத் தரம் சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதற்குப் பதிலாக அந்த மூன்று எண்களைக் கேட்கலாம். கடைக்காரர் முறைத்தால் இருக்கவே இருக்கிறது நாணயமும் களிமண் பசையும்.

தீல் 2012-இல் காலமானார். லிங்க்விட்ஸ் 2018-இல். பணி ஓய்வுக்குப் பிறகும் லிங்க்விட்ஸ் வீட்டில் செய்வதற்கான திட்டங்களைத் தொடர்ந்து கொடுத்துவந்தார். அவற்றில் ‘ப்ளூட்டோ’ என்று ஒன்று. பலகை வேலை கிடையாது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வடிகால் குழாயை நிமிர்த்தி நிறுத்தி, அதன் மேல் வாயில் வூஃபர். ஐம்பதுகளின் பிரிட்டிஷ்காரர்கள் வைத்தது போலவே, வானம் பார்க்க.